பேர் வைக்காத திராட்சையும் ரெண்டு மணி ஷிஃப்ட்டும்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மச்சானோட தோட்டத்துத் திராட்சையில போட்ட ஒயினை ருசி பார்த்துச் சொல்லணும். அதுக்கப்புறம் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷிஃப்ட்.

மச்சான்னா என் வீட்டுக்காரியோட அண்ணன். தொரப்பள்ளி பக்கம் தோட்டம். குடைமிளகா போட்டு நிம்மதியா இருந்த மனுஷன், அரை ஏக்கர்ல ஒரு ஹைபிரிட் திராட்சையை நட்டுட்டார். நம்ம ஊர் கறுப்புத் திராட்சையையும் ஏதோ வெளிநாட்டு ரகத்தையும் சேர்த்து உண்டாக்கினதாம். அதுக்கு இன்னும் பேர்கூட வைக்கல, நம்பர் மட்டும்தான்.

அதுல இந்த வருஷம் காய்ச்சதை, ஆனேக்கல் பக்கம் சின்னதா ஒயின் தயாரிக்கிற மஞ்சுநாத் வாங்கி, சோதனைக்குப் போட்டிருந்தார். "வந்து டேஸ்ட் பண்ணுங்க"ன்னு போன் பண்ணிட்டார்.

மச்சான் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கார். அதனால என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு ஒயினைப் பத்தி என்ன மச்சான் தெரியும்?"

"கம்பெனியில எவன் குடிச்சிருக்கான்னு கண்டுபுடிக்கிறது நீங்கதானே மாப்ள? உங்களுக்குத் தெரியாததா?"

விஷயம் என்னன்னா, நான் ஒரு ஃபேக்டரியில சேஃப்டி ஆபீசர். ஷிஃப்ட்டுக்கு வர்றவங்களை கேட்ல நிறுத்தி மெஷின்ல ஊத வைக்கிறது என் வேலை. போன வாரம் மாதையன்னு ஒரு ஆபரேட்டர் ஊதினதும் மெஷின் கத்திடுச்சு. "இருமல் மருந்து குடிச்சேங்க சார், நல்லாத்தாங்க இருக்கேன்"னார். மொத்த லைனும் பார்க்க நான் சிரிச்சேன். "மெஷின் பொய் சொல்லாது மாதையா"ன்னு வீட்டுக்கு அனுப்பிட்டேன்.

அப்படிப்பட்ட நான், ஒயின் குடிச்சுட்டு அதே கேட்ல போய் நிக்க முடியுமா? மானம் போயிடும்.

மச்சான் விடல. "ஒயின் டேஸ்ட்டுல யாரும் முழுங்க மாட்டாங்க மாப்ள. வாயில வச்சுட்டுத் துப்பிடுவாங்க. நான் வீடியோவுல பார்த்தேன்."

துப்புறது என்ன பெரிய வித்தையான்னு அவர் பைக்ல பின்னாடி ஏறி உக்காந்துட்டேன்.

மஞ்சுநாத் ஏழு கிளாஸை வரிசையா வச்சார். ஒவ்வொண்ணும் ஒரு டேங்க்ல இருந்து எடுத்ததாம். பக்கத்துல ஒரு ஸ்டீல் பக்கெட். முதல் கிளாஸை வாயில ஊத்திக்கிட்டுக் குனிஞ்சேன். வரல.

ஃபேக்டரி முழுக்க "இங்கே துப்பாதீர்கள்" போர்டு மாட்டினவன் நான். எட்டு வருஷமா துப்புறவங்களைப் பிடிச்சு அபராதம் போட்ட வாய், திடீர்னு துப்புன்னா எப்படித் துப்பும்? முழுங்கிட்டேன்.

"உகுளி சார், உகுளி"ன்னார் மஞ்சுநாத், கன்னடத்துல. துப்பச் சொல்றார்.

ரெண்டாவதை வாயில வச்சுச் சுழட்டிக்கிட்டு இருக்கும்போதே மச்சான், "எப்படி இருக்கு மாப்ள, சொல்லுங்க"ன்னு நெருக்கிட்டார். பதில் சொல்லணுமே. அதையும் முழுங்கிட்டு, "இருமல் மருந்து மாதிரி இருக்கு"ன்னு மனசுல பட்டதைச் சொல்லிட்டேன். மச்சான் முகம் செத்துப்போச்சு.

மூணாவதை எப்படியும் துப்பிடறதுன்னு கண்ணை மூடிக்கிட்டுத் துப்பினேன். பக்கெட் இடது பக்கம் இருந்துச்சு. மச்சான் மாலைக்குக் கட்டியிருந்த கறுப்பு வேட்டி வலது பக்கம் இருந்துச்சு.

"சாமி சரணம்"னு அலறிக்கிட்டு அவர் மோட்டார் கொட்டாய்க்குக் குளிக்க ஓடினார். அதுக்கப்புறம் எனக்குத் துப்பவே பயம். மிச்சம் நாலு கிளாஸும் நேரா உள்ள போச்சு. வெறும் வயிறு வேற.

கடைசி கிளாஸ் மட்டும் நிஜமாவே நல்லா இருந்துச்சு. "நாவப்பழம் தின்னா நாக்குல ஒரு துவர்ப்பு ஒட்டுமே, அது மாதிரிங்க"ன்னேன். மஞ்சுநாத் அதை நோட்டுல எழுதிக்கிட்டு, அடுத்த வருஷக் காய்ப்பு மொத்தமும் தனக்கேன்னுட்டார். ஈர வேட்டியோட மச்சான் என் கையைப் பிடிச்சு அழாத குறை.

லீவு சொல்லிடலாம்னு தோணுச்சு. ஆனா நான் நல்லாத்தானே இருக்கேன்? மாதையனும் போன வாரம் இதையேதான் சொன்னார்.

ஒண்ணே முக்காலுக்கு கேட்டுக்கு வந்தேன். மெஷின் என் கையில, ஊதப்போறது அவங்க, எனக்கென்னன்னு தைரியம். லைன்ல முதல் ஆளா மாதையன் நின்னுக்கிட்டு இருந்தார். நான் மெஷினை நீட்டினேன். அவர் ஊதல.

"சார், மொதல்ல நீங்க ஊதிக் காட்டுவீங்களே சார்."

ஆமா, ஒயின்ல அது மறந்தே போச்சு. மெஷின் சரியா வேலை செய்யுதுன்னு எல்லாருக்கும் தெரியணும்னு, தினமும் முதல் ஊது என்னோடதுதான். அந்த ரூலைப் போட்ட மகானும் நானேதான்.

செக்யூரிட்டி பார்த்துக்கிட்டு இருந்தார். லைன் மொத்தமும் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ஊதினேன். முடிஞ்ச வரைக்கும் மெதுவாத்தான் ஊதினேன். மெஷின் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குற மாதிரி கத்துச்சு.

யாரும் சிரிக்கல. அதுதான் தாங்க முடியல.

மாதையன் கிட்ட வந்து, நிஜமான அக்கறையோட மெதுவா கேட்டார். "இருமல் மருந்துங்களா சார்?"

பேர் வைக்காத திராட்சை, ஏழு டேங்க், மச்சான் வேட்டின்னு ஆரம்பிச்சா, இருமல் மருந்தே எவ்வளவோ நம்புற மாதிரி இருக்கும்னு அப்பதான் புரிஞ்சுது.

செக்யூரிட்டி ரெஜிஸ்டரை நீட்டினார். வீட்டுக்குப் போறவங்க காரணம் எழுதணும். அதுவும் என் ரூல்தான்.

"இங்கே துப்பாதீர்கள்" போர்டுக்குக் கீழ நின்னுக்கிட்டு எழுதினேன்: "துப்பாததால்."