வளப்பூர் நாட்டில் பார்க்க ஒன்றுமில்லை

வளப்பூர் நாடு, கொல்லிமலை.
தாது வருஷம், ஆடி மாதம் 4ஆம் தேதி.

மகா கனம் பொருந்திய பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, பென்ஷனில் இருக்கும் தபால் ரன்னர் குழந்தைசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் சம்சாரம் அத்தாயியும் ஆடுகளும் சுகம். அவ்விடம் தாங்களும், தங்கள் ஆபீஸில் அச்சுக் கோப்பவர்களும், அவர்கள் கண்களும் சுகமாக இருக்க அறப்பளீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

நான் இருபத்தெட்டு வருஷம் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து இந்த மலைமேல் தபால் மூட்டை சுமந்தவன். மூட்டையை இறக்கிவைத்த பிறகு பொழுது போகாமல் தங்கள் வாரப் பத்திரிகையை வரவழைத்துப் படிக்கிறேன். எங்கள் நாட்டில் பத்திரிகை படிப்பவன் நான் ஒருவன்தான் என்பதால், அதில் வரும் நல்லது கெட்டதுக்கெல்லாம் என்னைத்தான் கேட்கிறார்கள். சென்ற மாதம் ‘உல்லாசி’ என்பவர் எழுதிய ‘ஒரு சிறிய அழகிய நாடு’ என்ற கட்டுரையில் எங்கள் வளப்பூர் நாட்டில் யாத்திரிகர்கள் காணவேண்டிய இடங்களை வரிசையாகப் போட்டிருந்தீர்கள். அத்தாயிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “இந்த ஊரு எங்கீங்க இருக்குது?” என்று கேட்டாள். நமது ஊர்தான் என்றேன். “எழுதினவரு வந்தாப்பல தெரியலீங்களே” என்று சொல்லிவிட்டுச் சாமை புடைக்கப் போய்விட்டாள். நானும் அத்தோடு மறந்திருப்பேன்.

மறு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் ஊருக்கு மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். திருச்சியில் ஓர் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருக்கும் அப்பாசாமி என்பவர், அவர் சம்சாரம் ருக்குமணி அம்மாள், அந்த அம்மாளின் தாயார். தாயாருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். காரவள்ளியில் மிளகு வியாபாரம் செய்யும் ஜெய்லானி ராவுத்தர், அப்பாசாமியின் மாமியாரான அந்த அம்மாளை ஒரு டோலியில் உட்காரவைத்து, நான்கு ஆட்களையும் கூட்டி, மேலே போய்க் குழந்தைசாமியைக் கேளுங்கள் என்று என் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டார். ஜெய்லானி எனக்கு முப்பது வருஷத்துச் சிநேகிதர். இனி எப்படியோ தெரியாது. அப்பாசாமி தங்கள் கட்டுரையைக் கத்தரித்து அட்டையில் ஒட்டிக் கையில் வைத்திருந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “பெரியவரே, ராஜாவோட அரண்மனை எந்தப் பக்கம்?” என்பது.

பத்திராதிபர் அவர்களே, இந்த மலையில் பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். சேலம் ஜில்லாவுக்குள்தான் இருக்கிறது. உல்லாசி அவர்கள் நாடு என்று கேள்விப்பட்டு, நாடு இருந்தால் ராஜா இருப்பார் என்று அவராகவே ஒரு ராஜாவை வைத்துவிட்டார். அப்பாசாமி அந்த ராஜாவுக்குக் கொடுக்க ஒரு சரிகை அங்கவஸ்திரமும், நாட்டுக்குள் பிரவேசிக்க அனுமதி கேட்டு ஒரு மனுவும் கொண்டுவந்திருந்தார். நான் வேறு வழி தெரியாமல் எங்கள் நாட்டுப் பட்டக்காரர் காளியண்ணனிடம் கூட்டிப்போனேன். வழக்கு வம்பு எது வந்தாலும் எங்களுக்கு அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அவர் அப்போது கோவணத்தோடு சாமைக் கொல்லையில் எருக் கொட்டிக்கொண்டிருந்தார். அப்பாசாமி அவரைத் தாண்டி அந்தப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். “நான்தானுங்க பட்டக்காரன். என்ன சோலியா வந்தீங்க?” என்றார் காளியண்ணன். அங்கவஸ்திரத்தை நீட்டியதும், எருக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை வாங்க மறுத்துவிட்டார்.

பிறகு, பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். அப்பாசாமி அட்டையைப் பார்த்துப் படித்தார். மரத்துக்கு நூறு பலா, பாறைக்குப் பாறை தேன், மிளகு ஏறாத மரமில்லை, எவருக்கும் சொந்தமில்லாத அடர்ந்த வனம் என்று அவர் படிக்கப் படிக்கக் காளியண்ணன் முகம் மாறிவிட்டது. விருந்தாளிகளை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். “குழந்தைசாமி, எங்கப்பன் காலத்துல ஒருத்தரு குதிரையில வந்து, மரமெல்லாம் நல்லாருக்குதுன்னு எழுதிக்கிட்டுப் போனாரு. மறு வருசம் சர்க்கார் காடுன்னு கல்லு நட்டாங்க. கல்லுக்கு அந்தப் பக்கம் எங்கப்பன் வெதைச்ச கொல்லை. இன்னிக்கு அதுல ஒரு கட்டை பொறுக்கினா என்னைய ரேஞ்சர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. இப்ப எவருக்கும் சொந்தமில்லைன்னு அச்சுலயே போட்டாச்சு. பேப்பரைப் படிக்கறவன் நீதானே, நீயே இதை நிறுத்து. வந்தவங்களுக்குச் சோறு போடு. பாக்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னு நல்லாக் காட்டி அனுப்பு” என்றார்.

ஒன்றுமில்லை என்று காட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இருப்பதைத்தான் காட்டத் தெரியும். ஆனாலும் பட்டக்காரர் சொல்லைத் தட்ட முடியாது. பிரயாணிகளுக்குச் சௌகரியமான விடுதிகள் உண்டு என்று உல்லாசி எழுதியிருக்கிறார். விடுதி என் வீடுதான். ஒரே அறை, மழைக்காலமானதால் ஆடுகளும் உள்ளே. இதிலேயே மனம் வெறுத்துக் கீழே இறங்கிவிடுவார்கள் என்று நம்பினேன். விடிந்ததும் மாமியார் அம்மாள் என் சம்சாரத்திடம், தாம் இவ்வளவு நன்றாகத் தூங்கி ஏழு வருஷம் ஆகிறது, ஆட்டுக்குட்டி முதுகுக்கு அணைவாக இருந்தது என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவை ராகிக் களி வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை, பார்ப்பவரைப் பார்த்துப் புன்னகை செய்யும் பாவை என்று தாங்கள் போட்டிருந்த அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். காட்டுக்குள் சின்னக் கோயில். சிலைக்கு முன்னால் மாமியார் அம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மன் சிரித்தால்தான் எழுந்திருப்பேன் என்றார். வெகுநேரம் சிரிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், ஏனென்றால் இது காளியண்ணன் சொன்னபடி நடக்கிறது. அதற்குள் அப்பாசாமி, தேன் தானாக வாயில் சொட்டும் என்ற வரியை நம்பி, கோயிலுக்குப் பின்னால் பாறையில் இருந்த கூட்டுக்குக் கீழே போய் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறார். சொட்டவில்லை என்று குடைக்கம்பியால் தொட்டிருக்கிறார். அப்புறம் அவர் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பிரதட்சிணம் என்று நினைத்து டோலிக்காரன் ஒருவன் கும்பிட்டான். நான் பச்சைத்தழையைக் கொளுத்திப் புகை போட்டுத் தேனீக்களை விரட்டி அவரை மீட்டபோது ஒரு கண் மூடிவிட்டது, உதடு இரண்டு மடங்காகிவிட்டது. அந்த நேரத்தில் மாமியார் அம்மாள் எழுந்து வந்து, “அம்மன் சிரிச்சுட்டா” என்றார். எப்போது என்று கேட்டேன். “மாப்பிள்ளை ரெண்டாவது சுத்து வரும்போது. நல்லாப் பல்லுத் தெரியச் சிரிச்சா” என்றார். ருக்குமணி அம்மாள் புருஷன் முகத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, முகத்தை அந்தப் பக்கம் திருப்பித் தோள் குலுங்கினாள். அவள் அழவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அருவி. அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து பத்தடி நடந்தால் அருவி என்று உல்லாசி எழுதியிருக்கிறார். எந்தப் பத்தடி என்று அவர் சொல்லவில்லை. வேரைப் பிடித்து, கொடியைப் பிடித்து, பாறையில் உட்கார்ந்து சறுக்கி, பாதிப் பகல் இறங்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கே வழி தெரியாது. இருபத்தெட்டு வருஷம் தபால் சுமந்தேன். அந்த அருவிக்கு யாரும் கடுதாசி போட்டதில்லை, ஆகையால் நான் போனதில்லை. மேலே ஓடுகிற ஆற்றில் குளிப்போம், சாமி கும்பிடுவோம், வீட்டுக்குப் போவோம். கீழே கொல்லை கிடையாது, மேய்ச்சல் கிடையாது, எங்கள் சனம் எதற்காக இறங்கும்? டோலிக்காரர்கள் நான்கு பேரும் வரமாட்டோம் என்று மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மாமியார் அம்மாளை மேலேயே இருக்கச் சொன்னோம். “இத்தனை தூரம் வந்து தண்ணி விழுற சத்தத்தைக் கேட்டுட்டுப் போகவா?” என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு கண்ணோடு அப்பாசாமி முன்னால், அவருக்குப் பள்ளம் மேடு தெரியாததால் ருக்குமணி அம்மாள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால், நான் எல்லோருக்கும் கீழே, யார் விழுந்தாலும் என் மேல் விழட்டும் என்று.

கீழே போய்ச் சேர்ந்தோம். மூன்று பக்கமும் பாறை. தண்ணீர் அவ்வளவு உயரத்திலிருந்து புறப்படுகிறது, ஆனால் தண்ணீராக வந்து சேர்வதில்லை. பாதி வழியில் நூல் நூலாகப் பிரிந்து, அப்புறம் புகையாகி, அந்தப் புகை நம்மைத் தேடி வந்து முகத்தைத் தொடுகிறது. வெயில் வந்தபோது என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு வானவில் நின்றது. நான் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. அந்தச் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்டிருக்காது. எனக்கு அறுபத்தொரு வயது. நான் குளிக்கிற ஆறுதான் இங்கே வந்து இப்படி ஆகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இதை நான் பாராட்டாக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. பாறை வழுக்கியது. மாமியார் அம்மாளுக்கு முட்டி பிசகி அடியெடுத்து வைக்க முடியவில்லை. ருக்குமணி அம்மாள் அப்போதுதான் முதல் தடவையாகப் பயந்து அழுதாள். பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் கரடி வரும். நான் தபால்காரனின் குரலில் டோலிக்காரர்களைக் கூவினேன். நல்ல வேளையாக அவர்கள் போய்விடவில்லை. பொதிக் கயிற்றோடு இறங்கிவந்து, அந்த அம்மாளை ஒருவன் முதுகில் வைத்துக் கட்டி, மற்ற மூவர் மேலே நின்று இழுத்தார்கள். மிளகு மூட்டை ஏறுகிற மாதிரி ஏறினார். மேலே வந்து கயிற்றை அவிழ்த்ததும் அவர் சொன்னது: “அடுத்த வருஷம் என் தங்கச்சிங்க அஞ்சு பேரையும் கூட்டிட்டு வரேன்.” திங்கட்கிழமை டோலியில் இறங்கிப் போகும்போதும் அதையே சொன்னார். அப்பாசாமியும் வீங்கிய உதட்டால் ஏதோ சொன்னார். வருவேன் என்றுதான் சொல்லியிருப்பார் என்று பயப்படுகிறேன்.

காளியண்ணனிடம் போய்ச் சொன்னேன். “ஒண்ணுமில்லைன்னு காட்டச் சொன்னா, அஞ்சு பேருக்கு அச்சாரம் வாங்கிட்டு வந்திருக்கறயே. அந்தப் பேப்பர்க்காரருக்கு உடனே எழுது” என்றார். ஆகையால் எழுதுகிறேன். அடுத்த இதழில் இதைத் தயவுசெய்து பிரசுரிக்கவும். வளப்பூர் நாட்டில் ராஜா கிடையாது. விடுதி கிடையாது. தேன் தேனீக்களுடையது. வனத்துக்கும் கொல்லைக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பெயரைக் கேட்டால் நான் எழுதி அனுப்புகிறேன். அருவி இருக்கிறது, ஆனால் விழுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. யாத்திரிகர்கள் பார்க்கத் தகுந்தது எதுவும் இல்லை.

தங்கள் பத்திரிகை நீடூழி வாழ்க. தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உல்லாசி அவர்களுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள வாசகன்,
குழந்தைசாமி

பி.கு.: காளியண்ணன் கைரேகை வைப்பதற்காக இந்தக் கடிதத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அருவி வந்த இடத்தில் நிறுத்தி, திரும்பப் படிக்கச் சொன்னார். “புகையாட்டமாவா வருது?” என்றார். ஆமாம் என்றேன். “வானவில்லு முட்டிக்குக் கிட்டயா நின்னுச்சு?” ஆமாம் என்றேன். “எனக்கு அம்பத்தெட்டு வயசு. ஆடு அந்தப் பக்கம் போகாது, அதனால நானும் போகலை” என்றார். கைரேகை வைக்காமல் எழுந்து போய்விட்டார். இன்று காலையில் நான் கதவைத் திறந்தபோது, காளியண்ணனும் எங்கள் நாட்டு ஜனங்கள் முப்பத்தொரு பேரும் கட்டுச்சோற்றோடு வாசலில் நின்றார்கள். அத்தாயியும் என்னிடம் சொல்லாமல் சோறு கட்டி வைத்திருந்தாள். எல்லோரும் இறங்கிப் பார்த்துவிட்டு இப்போதுதான் திரும்பினோம். ஆகையால் மேலே கண்டதைப் பிரசுரிக்க வேண்டாம் என்று பட்டக்காரர் உத்தரவு. இருக்கிறது என்றும் போட வேண்டாமாம், இல்லை என்றும் போட வேண்டாமாம். ஆனால் எங்கள் நாட்டில் இன்னும் வேறு என்னென்ன இடங்கள் இருப்பதாக உல்லாசி அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார் என்பதை மட்டும் தாங்கள் விசாரித்து, எனக்குத் தனியாக ஒரு கடுதாசி எழுதச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கொல்லையில் வேலையில்லை.