மத்தியானப் பந்தியில் ஆட்டுக்கறி வந்த விதம்

ரூஜ், ஸ்காபரோ
புதன்கிழமை

பேரன்புக்கும் மதிப்புக்கும் உரிய தவமணி மாமிக்கு,

உங்கள் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என்றும், ஒஷாவாவில் எங்களை விடப் பனி குறைவாகக் கொட்டியிருக்கும் என்றும் நம்பி, உங்கள் வருங்கால மருமகள் நிரூபா அக்காவின் தங்கை சுபாங்கி எழுதுவது. "இந்தக் கலியாணத்தைப் பற்றி இனி என்னோட கதைக்காதேங்கோ" என்று நேற்று நீங்கள் அம்மாவிடம் சொல்லி ஃபோனை வைத்ததிலிருந்து அக்கா ஒரு வாய் சோறும் உண்ணவில்லை. ஆகவே உண்மையை எழுதுகிறேன்.

தாலி கட்டிய பின் மத்தியானம் சைவம், இரவு றிசெப்ஷனுக்கு ஆட்டுக்கறியோடு மச்சம் என்று இரு வீட்டாரும் பேசி முடித்தீர்கள். பள்ளியில் புரோகிராமிங் படிக்கிறேன் என்பதால், எதை மாற்றினாலும் உடனே இரு வீட்டாருக்கும் செய்தி போகும்படி சாப்பாட்டுப் பட்டியலை நான் கணினியில் செய்தேன். முதலில் 'மதியம்' என்று பெயரிட்டுச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பாயசம் எல்லாம் எழுதினேன். இரவுக்கும் பாதி அவையேதானே என்று, மறுபடி தட்டச் சோம்பல்பட்டு, 'இரவு = மதியம்' என்று ஒரு வரி போட்டு, இரவில் ஆட்டுக்கறியைச் சேர்த்தேன். உடனே நீங்கள் ஃபோன் எடுத்து, "தாலி கட்டின கையோட ஆட்டுக்கறியோ? ஐயருக்கும் எலும்போ?" என்றீர்கள். பதறிப்போய் மதியத்திலிருந்து அதை நீக்கினேன். அடுத்த நிமிடம் உங்கள் தமையனார் நவரட்ணம் அங்கிள், "பிள்ளை, றிசெப்ஷனுக்கும் பருப்போ? விஸ்கிக்குப் பாயசத்தையோ தொட்டுக் கொள்ளுறது?" என்றார். இரவில் திரும்பச் சேர்த்தேன். அது மறுபடி மதியத்தில் வந்து நின்றது. "ஒருக்கா எண்டால் பிழை. ரெண்டு தரம் எண்டால் கொழுப்பு" என்றீர்கள்.

கொழுப்பு இல்லை, மாமி. நான் இரவுக்கு வேறு பட்டியல் உண்டாக்கவேயில்லை; இருந்த ஒரே பட்டியலுக்கு இரண்டாவது பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் மகன் கஜீவன் அண்ணாவை நீங்கள் வீட்டில் அப்பன் என்று கூப்பிடுகிறீர்கள். கஜீவன் தாடியை மழித்தால் அப்பனுக்குத் தாடி மிஞ்சுமா? இரண்டாவது ஆள் வேண்டுமென்றால் பிரதி எடு என்று கணினிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெயர் வைப்பது பிரதி எடுப்பது ஆகாது. இதை இனி நான் மறக்கமாட்டேன்.

அம்மா இன்னும் சமையற்கார அருள்நாயகம் அங்கிளைத்தான் ஏசிக்கொண்டிருக்கிறார். பிழை என்னுடையது என்று தயவுசெய்து அம்மாவிடம் சொல்ல வேண்டாம். "தவமணி சரியான பிடிவாதக்காரி. எண்டாலும் என்ர பிள்ளைக்கு அவவைப் போல மாமி கிடையாது" என்று அம்மா நேற்று அழுததையும் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கால்நோவும் எங்கள் மேலுள்ள கோபமும் சனிக்கிழமைக் கலியாணத்துக்கு முன் ஒன்றாகத் தீரப் பிள்ளையாரை வேண்டும்,
சுபாங்கி

பி.கு.: மாமி, அம்மா இரு வீட்டாருக்கும் இணையத்தில் பகிர்ந்திருந்த அழைப்புக் கடிதத்தின் பிரதியில்தான் இதை எழுதினேன். பிரதி என்றுதான் நினைத்தேன். அதே கோப்பின் பெயரை மாத்திரம் மாற்றியிருக்கிறேன். அம்மா ஃபோனும் கையுமாக என் அறை வாசலில் நிற்கிறார். ஆகவே மேலே கேட்ட இரண்டு இரகசியங்களையும் விட்டுவிடுங்கள். நவரட்ணம் அங்கிள் இந்தக் கடிதத்தின் ஓரத்தில் சிரிப்புப் படம் போட்டிருக்கிறார். அதன் கீழே நீங்கள் எழுதியதை அக்கா குசினியிலிருந்து, வாய் நிறையச் சோற்றோடு, சத்தமாக வாசிக்கிறாள்: "மத்தியானம் சைவம். இரவு மச்சம். அருள்நாயகத்திட்டை நானே சொல்லுறன். சின்னவள் இனி ஒண்டையும் தொடக்கூடாது."