ஒசாக்காவில் ஒரு கட்டில்

“பெட்டியோ? என்ர பிள்ளை பெட்டிக்குள்ளையோ படுக்கப் போகுது?”

“பெட்டி இல்லை அப்பா, கப்ஸ்யூல்!”

“படத்தைப் பாரும், கலா. ஆஸ்பத்திரியில சவம் வைக்கிற மாதிரி ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி வைச்சிருக்கிறாங்கள்.”

“செவ்வாய்க்கிழமையும் அதுவுமா உந்தக் கதை கதையாதேங்கோ!”

இவ்வளவும் இல்ஃபோர்ட்டில், யன்னல் பூட்டியிருந்தும் வெளியில் கேட்டவை. அந்தத் தெருவில் வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்பவை, சுவர்களும் மெல்லியவை. கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. சிலர் வசதியாகக் கேட்பதற்காகத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்கள் என்பது வேறு விடயம்.

சத்தம் போட்டவர் இராஜேந்திரன். கார் ஓட்டப் பழக்குகிறவர். இருபத்தாறு வருடம் பக்கத்து இருக்கையில் இருந்து மற்றவர்களின் காருக்குப் பிரேக் போட்டதில், உலகத்தில் எது எங்கே நிற்க வேண்டும் என்பது தனக்குத்தான் தெரியும் என்ற நம்பிக்கை அவருக்கு ஏறியிருந்தது.

ஆனால் சனத்துக்குள் அவருடைய பெயர் வேறொன்றுக்கு: விசாரணை. கிழக்கு லண்டனில் எந்த வீட்டுக்குக் கலியாணப் பேச்சு வந்தாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். ஒரு கிழமைக்குள் பொடியன் படித்த பள்ளிக்கூடம், குடிக்கும் அளவு, கோபம் வந்தால் கதவைச் சாத்துவானா உதைப்பானா என்பது வரை எடுத்துக் கொடுத்துவிடுவார். தன் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்க முன்னரும், அதே ஃபிரிட்ஜை நாலு வருடம் பாவித்த மூன்று வீடுகளுக்குப் போய்க் கதவைத் திறந்து மூடிப் பார்த்தவர். “இண்டுவரைக்கும் பிழைச்சதில்லை” என்று ஒவ்வொரு ரவுண்டபவுட்டிலும் மாணவர்களுக்குச் சொல்வார். அவர்கள் பாவம், இடமா வலமா என்று தெரியாமல் தலையாட்டுவார்கள்.

இந்தத் திறமையை ஒரேயொரு இடத்தில் மட்டும் காட்ட அவருக்குத் தடை. மகள் தக்ஷிகா போட்ட தடை. வயது இருபத்தொன்பது, பார்மசிஸ்ட். இரண்டு வருடத்துக்கு முதல், அவர் ஐந்தாவது மாப்பிள்ளையைக் கொண்டுவந்த அன்று அவள் சொன்னாள்: “இன்னுமொருக்கா எனக்காக ஆரையாவது விசாரிச்சியள் எண்டு கேள்விப்பட்டால், தனிய வீடெடுத்துப் போயிருவன்.” சொன்னதைச் செய்கிற பிள்ளை. ஒரே பிள்ளையும்கூட. ஆகவே விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் கற்பூரத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டு, இராஜேந்திரன் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அவள் மூன்று கிழமை ஜப்பானிய மொழி வகுப்புக்கு ஒசாக்கா போகிறாள். ஹோட்டல் வேண்டாமாம். ஹொஸ்டலாம்.

“மூண்டு கிழமை ஹோட்டல் அறையில இருந்து சுவரையோ பாக்கிறது? ஹொஸ்டல் எண்டால் குசினி இருக்கும், நாலு பேரோட கதைக்கலாம்.”

“அந்த நாலு பேர் ஆர் எண்டதுதானே கேள்வி!”

“பத்துக்கு ஒன்பதரை மார்க் அப்பா. ஆயிரம் பேர் எழுதியிருக்கினம்.”

“ஆர் எழுதினது? ஒண்டை வாசி பாப்பம்.”

“லார்ஸ், நோர்வே. ‘நல்லா நித்திரை கொண்டன்.’”

“நோர்வேயில எங்கட சனம் எவ்வளவு இருக்கு! அதில ஒருத்தரும் எழுதேல்லை. லார்ஸின்ர நித்திரையை நம்பி என்ர பிள்ளையை அனுப்பேலாது. நீ போ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. இடத்தை நான் விசாரிக்கிறன்.”

விசாரிக்கிறன் என்ற சொல்லைக் கேட்டதும் தாய் கலாவதியும் மகளும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன பாக்கிறியள்? வாக்குக் குடுத்தது மாப்பிள்ளைக்கு. இது கட்டில்.”

அன்றைக்கே வேலையைத் தொடங்கினார். அவருடைய போனில் ரொறன்ரோவுக்கு நாற்பது பேர், பாரிஸுக்குப் பத்தொன்பது பேர், ஐஸ்லாந்துக்குக்கூட ஒரு மச்சான் இருந்தார்கள். ஜப்பானுக்கு ஒருத்தருமில்லை. இப்படியொரு ஓட்டையோடு இவ்வளவு காலமும் வாழ்ந்திருக்கிறோமே என்று அவர் உண்மையிலேயே வெட்கப்பட்டார்.

வெட்கம் மரக்கறிக் கடை வரைக்கும்தான். அங்கே காசு வாங்கும் இம்மாகுலேற்றிடம் முருங்கைக்காயோடு சேர்த்து விடயத்தையும் வைத்தார்.

“ஒசாக்காவோ அண்ணை? என்ர அக்காவின்ர மகன் ஜெஸ்ரின் ஆறு வருசமா அங்கதானே. லிஃப்ட் கொம்பனியில எஞ்சினியர். நம்பர் தரட்டே?”

மறுநாள் காலையே பேசினார்.

“தம்பி, நீங்கள் எவடம்?”

“ஒசாக்கா, அங்கிள்.”

“அது தெரியும். ஊரில எவடம்?”

“அம்மா மன்னார். அப்பா இளவாலை.”

“நல்லது, நல்லது.”

இளவாலைக்கும் ஹொஸ்டலுக்கும் என்ன தொடர்பென்று ஜெஸ்ரின் கேட்கவில்லை. பொறுமையான பொடியன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வைக் கெடுத்துக்கொண்டு மூன்று ஹொஸ்டல்களுக்கு நேரில் போய் வந்தான்.

“முதலாவதில கட்டிலுக்குத் திரைச்சீலை இருக்கு, பொருள் வைக்கப் பூட்டுப் பெட்டி இல்லை அங்கிள். ரெண்டாவதில எல்லாரும் சேர்ந்து ஒரே தொட்டியில குளிக்கிறது.”

“ஐயோ!”

“பொம்பிளையளுக்கு வேற, ஆம்பிளையளுக்கு வேற.”

“அப்பவும் ஐயோதான். மூண்டாவது?”

“மூண்டாவது கப்ஸ்யூல். ஆனா பொம்பிளையளுக்கு எண்டு தனி மாடி. லிஃப்ட்டுக்குக் கார்ட் வேணும், கார்ட் இல்லாட்டி அந்த மாடியில நிக்காது. அந்த லிஃப்ட்டைப் போன மாசம் செக் பண்ணினதே நான்தான். ஆம்பிளையளின்ர மாடியில ஒண்டுக்குள்ள படுத்தும் பாத்தனான், நீளம் காணும். நல்ல இடம் அங்கிள்.”

அந்த மூன்றாவது, தக்ஷிகா முதல் நாளே காட்டிய அதே பெட்டி. இராஜேந்திரன் இதோடு விட்டிருந்தால் எல்லாரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். இந்தக் கதையும் இருந்திருக்காது.

ஆனால் விசாரணைக்கு ஒரு முறை இருக்கிறது. சொன்னதைப் பார்க்க முதல், சொன்னவனைப் பார்க்க வேண்டும். ஹொஸ்டல் நல்லதென்று ஜெஸ்ரின் சொல்கிறான். ஜெஸ்ரின் நல்லவன் என்று யார் சொல்வது?

அவரிடம் ஓட்டப் பழகிவிட்டு டூட்டிங்குக்குக் குடிபோன இரண்டு பேருக்குப் போன் அடித்தார். அதே டூட்டிங்கில் ஜெஸ்ரினின் தாய் பெர்னடெற் போகும் தேவாலயத்தில் பாடுகிற ஒருவரைப் பிடித்தார். யாழ்ப்பாணத்தில் ஓய்வில் இருந்த அவனுடைய பள்ளிக்கூட வாத்தியாரைக்கூட விடவில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்விகள்: “பொடியன் பொய் சொல்லுவானோ? குடிப்பானோ? கண்ணாடி போட்டவனோ?” கடைசிக் கேள்வி, பூட்டுகளைச் சரியாகப் பார்த்திருப்பானா என்று அறிவதற்காக. அது அவருக்கு மட்டுந்தான் தெரியும்.

விசாரணைக்குப் பெயர்போன ஒருவர். அவருக்குக் கலியாணமாகாத ஒரு மகள். ஒசாக்காவில் ஒரு பொடியன். மூன்றையும் கூட்டிப் பார்க்கச் சனத்துக்குக் கல்குலேற்றர் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை கலாவதி கோயிலிலிருந்து வந்து செருப்பையும் கழற்றாமல் நின்றார்.

“இஞ்சேருங்கோ, மூண்டு பேர் கேட்டிட்டினம், கலியாணம் எப்ப எண்டு! ஒருத்தி, ‘வேதக்காரர் எண்டாலும் குணமான பிள்ளையாம்’ எண்டு எனக்கு ஆறுதல் சொல்லுறா!”

“விடும். ரெண்டு போனில நிப்பாட்டுறன்.”

எட்டுப் போன் எடுத்தார். “அப்பிடியொரு பேச்சே இல்லை” என்று உறுதியாகச் சொன்னார். எல்லாரும் ஒரேமாதிரி மறுமொழி தந்தார்கள்: “ஓமோம் அண்ணை, முற்றாகும்வரைக்கும் வெளியில விடக்கூடாதுதான். நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

ஒருத்தருக்கும் சொல்லாத செய்தி அன்றைக்குப் பின்னேரமே ரொறன்ரோவுக்குப் போய், வாழ்த்தாகத் திரும்பித் தக்ஷிகாவின் போனுக்கு வந்தது.

அவள் படிகளில் இறங்கி வந்த சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்டது.

“கற்பூரத்துக்கு முன்னால குடுத்த வாக்கு எங்க அப்பா?”

“பிள்ளை, நான் கட்டிலைத்தான்...”

“கட்டிலுக்குக் கண்ணாடி போடுறவையோ?”

அதற்கு அவரிடம் சரியான பதில் இருந்தது. ஆனால் சொல்லும்போது சரியாக வரவில்லை. தக்ஷிகா லப்டொப்பைத் திருப்பிக் காட்டினாள். ஒற்றை அறை ஃபிளாட்டுகள், வரிசையாக.

“ஞாயிற்றுக்கிழமைக்குள்ள உந்தக் கதை நிக்கோணும். இல்லாட்டி ஜப்பானால வந்து நான் இஞ்ச வரமாட்டன்.”

இராஜேந்திரனின் நம்பிக்கை முதற்தடவையாக ஆடிப்போனது. ஒரு நிமிடந்தான். பிறகு நம்பிக்கை திரும்பிவிட்டது. “பொடியன்ர தாயை நேர கண்டு, விளக்கமாச் சொல்லிப்போட்டு வாறன். ஐஞ்சு நிமிச வேலை.”

ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகலாமா? ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கேக்கும் வாங்கினார். அங்கிருந்து ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போக வேண்டியிருந்தபடியால் கலாவதி பட்டுச் சேலையில் வந்தார். டூட்டிங்கில் கதவைத் திறந்த பெர்னடெற், பழத்தைப் பார்த்தார், பட்டைப் பார்த்தார், “வாங்கோ, வாங்கோ” என்று இரண்டு கைகளையும் பிடித்தார். உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். தங்க விளிம்புக் கோப்பைகள் வெளியில் வந்திருந்தன. தங்கையார் இம்மாகுலேற் கட்லட் தட்டோடு நின்றார்.

இராஜேந்திரன் உட்காராமலே தொடங்கினார்.

“தங்கச்சி, ஒரு பிழையான விளக்கம் நடந்துபோச்சு. நான் உங்கட மகனை விசாரிக்கேல்லை. கட்டிலைத்தான் விசாரிச்சனான்.”

ஒன்பது கோப்பைகளும் நின்றன.

“என்ன கட்டில்?” என்றார் பெர்னடெற்.

“என்ர மகள் ஒசாக்காவில படுக்கிறதுக்கு.”

“அதை ஏன் என்ர மகனிட்டக் கேட்டனீங்கள்?”

“அவர்தான் ஞாயிற்றுக்கிழமை போய்ப் படுத்துப் பாத்தவர்.”

“இஞ்சேருங்கோ!” என்றார் கலாவதி.

“இல்லை... நீளம் காணுமோ எண்டு பாக்கத்தான்...”

மூலையில் இருந்த ஒரு முதியவர் சிலுவை போட்டுக்கொண்டார். இம்மாகுலேற் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினார். அழுகிறார் என்று நினைத்த இராஜேந்திரனுக்கு வியர்த்தது.

“அண்ணை,” என்றார் பெர்னடெற், குரல் நடுங்க, “என்ர பிள்ளையின்ர பேர் எங்கட சேர்ச் பங்கு முழுக்க அடிபடுது. நீங்கள் கலியாணத்துக்கு விசாரிச்சனீங்கள் எண்டால் எங்களுக்கு மரியாதை. கட்டிலுக்கு எண்டால், நான் சனத்துக்கு என்னத்தைச் சொல்லுறது?”

இருபத்தாறு வருட அனுபவம். ஆபத்தில் காலைத் தூக்கி பிரேக்கில் வைக்கும் பழக்கம். அன்றைக்கு மட்டும் கால் அக்சிலேற்றரில் விழுந்தது.

“சீச்சீ! கட்டில் ஒரு சாட்டுத்தானே தங்கச்சி. பொடியனைத்தான் விசாரிச்சனான். நல்ல பிள்ளை எண்டு எல்லாரும் சொல்லீச்சினம்.”

கலாவதியின் கையிலிருந்த கட்லட் பட்டுச் சேலையில் விழுந்தது.

“அப்ப சரி,” என்றார் பெர்னடெற், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பிள்ளையள் அங்க கண்டு கதைக்கட்டும். மிச்சத்தை ஆண்டவர் பாப்பார்.”

வீட்டுக்கு வந்து இதை மகளுக்குச் சொன்னபோது தக்ஷிகா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “நான் போறன். வந்து பெட்டியளை எடுக்கிறன்” என்றாள். விமான நிலையத்துக்கும் தனியாகவே போனாள். அவள் போன பிறகு இராஜேந்திரன் இரண்டு நாள் வகுப்புகளை நிறுத்தினார். தெருவில் எல்லாரும் கவனித்தோம்.

ஒசாக்காவில் அவள் செய்த முதல் வேலை ஜெஸ்ரினைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டி ஹொஸ்டலின் குசினியில் வைத்து, “உங்களில ஒரு பிழையுமில்லை, ஆனா ஏலாது” என்று சொன்னதுதான். அவனும் அதையே சொல்லத்தான் வந்திருந்தானாம். இருவரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். வேண்டாம் என்று முடிவானவர்களுக்குள் ஒளிக்க என்ன இருக்கிறது? ஐந்து மணித்தியாலம் கதைத்தார்கள். அடுத்த நாளும். மூன்று கிழமை ஐந்தாகியது. திரும்பி வந்தவள் பெட்டிகளை எடுத்தது உண்மைதான். ஆனால் ஒற்றை அறை ஃபிளாட்டுக்கு அல்ல.

அடுத்த சித்திரையில் கலியாணம். வெள்ளிக்கிழமை கோயிலில் தாலி, சனிக்கிழமை தேவாலயத்தில் மோதிரம். அடுத்த மாதமே இருவரும் ஒசாக்காவில் குடியேறுவதாக ஏற்பாடு.

வரவேற்பில் இராஜேந்திரன் கோட் சூட்டோடு மேசை மேசையாகப் போனார். “கட்டில் பாக்கப் போய் மருமகனைப் பிடிச்சனான். விசாரணை எண்டால் அப்பிடி இருக்கோணும். இண்டுவரைக்கும் பிழைச்சதில்லை.”

கடைசி மேசையில் இம்மாகுலேற் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, உமக்குத்தான் நன்றி சொல்லோணும். நான் ஹொஸ்டலை விசாரிக்க, நீங்கள் எல்லாரும் கலியாணம் எண்டு பிழையா விளங்கினபடியால்தானே இவ்வளவும் நடந்தது!”

இம்மாகுலேற் வாயிலிருந்ததை விழுங்கினார்.

“பிழையா விளங்கினதோ? ஹொஸ்டலுக்குத்தான் எண்டு ஜெஸ்ரின் அண்டைக்கே தாயிட்டச் சொல்லிப்போட்டான். நீங்கள் கட்டிலை விசாரிச்ச அந்த ரெண்டு கிழமையும், அண்ணை, நாங்கள் உங்களையெல்லே விசாரிச்சுக்கொண்டு இருந்தனாங்கள்!”