அலுமினியத்தை இழுத்த மாப்பிள்ளை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் மானத்தைத் தவிர. அத்தானின் முழங்கால் இப்போது தேவலையா?

என் மகள் ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாளே, ஆய்வுக்கூடத்தில் பெரிய காந்தத்தோடு மல்லுக்கட்டுகிறவன், அவன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். என் தொழில்தான் உனக்குத் தெரியுமே, அலுமினிய ஜன்னல். சரக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்துப் பார்ப்பேன், ஒட்டினால் இரும்பு, திருப்பி அனுப்பு. ஒட்டாவிட்டால் அலுமினியம், இறக்கு. இதைப் பெருமையாகச் சொல்லி வாய் மூடவில்லை, பையன் காபியைக் கீழே வைத்துவிட்டு, "அலுமினியத்தையும் காந்தம் இழுக்கும் மாமா, ரொம்ப லேசா" என்கிறான். எனக்கு வந்ததே கோபம்! மொத நாளே புளுகுறவனுக்குப் பொண்ணு கெடையாதுன்னு கத்திட்டேன். மகள் அசரவில்லை. "கண்ணால பாத்தா ஒத்துக்குவீங்களாப்பா?" என்றாள். நானும் வீறாப்பாகத் தலையாட்டித் தொலைத்தேன்.

மறுநாள் ஆய்வுக்கூடம். காந்தம் இழுத்துவிடும் என்று வாசலிலேயே கடிகாரம், சாவி, பெல்ட் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். பேண்டை ஒரு கையால் பிடித்தபடி சம்பந்தம் பேசப்போன அப்பன் நான் ஒருவன்தான். ஏமாற்றிவிடுவானோ என்று நானே கொண்டுபோன அலுமினியக் கம்பியை நூலில் கட்டி, இரண்டு காந்த முனைகளுக்கு நடுவே, எந்த முனையையும் பார்க்காதபடி குறுக்காகத் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டான். அசையவில்லை. "பாத்தியா!" என்று மகளிடம் ஆரம்பித்ததுதான் தாமதம், கம்பி மெள்ளத் திரும்பி முனையைப் பார்த்து நின்றுவிட்டது. என் சரக்கு, அக்கா! "உள்ள குட்டிக் குட்டிக் காந்தம் இருக்கு மாமா, ஆளுக்கொரு பக்கம் பாத்துட்டிருக்கும். பெரிய காந்தம் பக்கத்துல இருந்தா கொஞ்சம் பேர் அது பக்கம் சாய்வாங்க. அது போயிட்டா பழைய கதைதான்" என்றான். சுவிட்சை அணைத்ததும் நூலின் முறுக்கு கம்பியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விட்டது.

தோற்றுப்போனேன். ஆனால் பையன் சிரிக்கவில்லை. பெல்ட்டை அவனே கொண்டுவந்து கொடுத்து, "கடையில நீங்க பாக்குற மாதிரியே பாருங்க மாமா, சின்னக் காந்தத்துக்கு அதுதான் சரி" என்றான். மனசு இளகிப்போச்சு. கல்யாணத்துக்கு முழுச் சம்மதம். நீயும் அத்தானும் முன்கூட்டியே வந்து நடத்திக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

உன் தம்பி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதும்போது மகள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். இப்போது கடைக்குப் போயிருக்கிறாள். வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. இனி எப்போதும் இப்படித்தானே இருக்கும்? அழுகையாக வருகிறது அக்கா. சம்மதமாவது மண்ணாவது! நீ வந்து எப்படியாவது நிறுத்திவிடு.

வாசலில் செருப்புச் சத்தம். வந்துவிட்டாள். சம்மதம்தான் அக்கா, சம்மதம்தான்.