உல்லம் மீனுக்கு நிரந்தர முகவரி இல்லை

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது. அது இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும் என்பதை முடிவுசெய்ய அன்று கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டிருந்தார்கள். ஆறு பிறக்கும் மலையில் செம்புச் சுரங்கம் தோண்டப் பெருச்சாளி மனுக் கொடுத்திருந்தது. தோண்டினால் கழிவு ஆற்றில் இறங்கும். ஆண்டுதோறும் கடலிலிருந்து ஆறேறி வந்து அங்கே முட்டையிடும் உல்லம் மீன்களின் வம்சமே அற்றுப்போகும்.

மீன்களின் தலைவி வெள்ளையம்மா, ஆமை சுமந்து வந்த வாளித் தண்ணீரில் கூட்டத்துக்கு வந்திருந்தாள். வயிறு நிறைய முட்டை.

அதிகாரி புள்ளிமான் படிவத்தைப் புரட்டியது. "நிரந்தர முகவரி?"

"கடலுங்கய்யா. முட்டை போட மட்டும் இங்க வருவோம்."

"அப்போ நீங்க வெளியூர். ஆட்சேபணை சொல்ல உள்ளூர்க்காரங்களுக்குத்தான் உரிமை."

"நாங்க எல்லாரும் பொறந்தது இங்கதானுங்கய்யா."

"பிறப்புச் சான்றிதழ் இருக்கா?"

இல்லை.

உள்ளூர் அணில்களும் மயில்களும் உண்மையாகவே கலங்கின. "பாவம், வாயில்லாத ஜீவன்" என்று ஒரு மயில் விசும்பியது. பிறகு எல்லாரும் வருகைப் பதிவேட்டில் கால்ரேகை வைத்து, பெருச்சாளி கொடுத்த சமோசாவை வாங்கிக்கொண்டார்கள். பதிவேட்டின் முதல் பக்கத்தில் 'சுரங்கத்துக்குச் சம்மதிக்கிறோம்' என்று இருந்தது. சமோசா சூடாக இருக்கும்போது முதல் பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? எனக்கு அவர்கள்மேல் கோபம்தான். ஆனால் நானும் இப்படி இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வெள்ளையம்மாவுக்கு அழுகை வந்தது. அந்த நேரத்தில் முதலை வந்தது. பின்னாலேயே நீர்நாயும் மீன்கொத்தியும்.

"உங்களுக்கு என்ன ஆட்சேபணை?" என்றது மான்.

"இந்த மீனுங்கதான் எங்க சாப்பாடுங்கய்யா" என்றது முதலை, ரொம்பப் பணிவாக. "நாங்க உள்ளூர்தான். மீன் இல்லேன்னா வேற ஏதாவது பார்த்துக்கிறோம். ஐயா தினமும் தண்ணி குடிக்க எந்தத் துறைக்கு வர்றீங்க?"

மான் படிவத்தை மூடியது. 'குடிநீர் ஆதாரத்தைக் கருத்தில்கொண்டு' சுரங்கத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

முதலை வெள்ளையம்மா பக்கம் திரும்பியது. "வெற்றி விழா வைக்கிறோம். குடும்பத்தோட வந்துடணும்."

முகத்துவாரத்தில் காத்திருந்த தன் கூட்டத்திடம் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"விழாவுக்குப் போனா என்ன ஆகும்?" என்று தங்கை கேட்டாள்.

"பாதிப் பேர் திரும்ப மாட்டோம்."

"சுரங்கம் வந்திருந்தா?"

"ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டோம்."

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "அப்போ கிளம்புக்கா. முட்டை வேற போடணும்."

நீதி: உங்களுக்காக அழுகிறவர்களை நம்பி இருக்காதீர்கள். உங்களைச் சாப்பிடுகிறவர்களைக் கூட்டணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குலம் தழைக்க வேண்டும் என்கிற அக்கறை அவர்களுக்குத்தான் இருக்கிறது.