துரத்திக் கொடுத்த கடன்

"அவர் வீட்டிலை இல்லைப் பிள்ளை," என்று அன்னப்பிள்ளை சொன்னபோது, அவருடைய கணவர் வாழைக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். வாழை ஒல்லி. ஆழ்வாப்பிள்ளை அப்படியில்லை.

துஷாந்தி கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி வாழையைப் பார்த்தே சொன்னாள்.

"மாமா வந்தால் சொல்லுங்கோ மாமி. நான் கடன் கேட்டு வரேல்லை, குடுக்க வந்தனான்."

வாழை இலேசாக ஆடியது.

"அப்ப நீங்களாவது வாங்கி வையுங்கோவன்."

"ஐயோ, நான் அவரின்ரை காசுச் சோலிக்குப் போறேல்லை," என்று அன்னப்பிள்ளை குசினிக்குள் போய்விட்டார்.

நாரந்தனையில் வட்டிக்காரரைக் கண்டு ஒளித்தவர்கள் நிறையப் பேர். பெயர் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஆனால் கடன்பட்டவளைக் கண்டு வட்டிக்காரர் ஒளித்தது இதுதான் முதல் தடவை.

கடன் இரண்டு வருடப் பழசு. தம்பி நிசாந்தனைப் பிரான்சுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரனுக்கு முற்பணம் கொடுக்கவென்று, ஆழ்வாப்பிள்ளையிடம் மூன்று லட்சம் வாங்கினாள் துஷாந்தி. தம்பி மலேசியா வரை போய்ப் பதினோராம் நாள் திரும்பி வந்துவிட்டான். ஏஜென்சிக்காரன்தான் இன்னும் வரவில்லை. அன்றிலிருந்து கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி எடுக்கிற சம்பளத்தில் மாதம் ஒன்பதாயிரம் வட்டி. ஒரு மாதம் பிந்தியது கிடையாது. மிச்சத்தில் கலியாணத்துக்கென்று ஒரு சீட்டு. சோறும் சம்பலும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள் என்று ஊரே சொன்னது. சில நாளில் சம்பலும் இல்லை.

இப்போது சுருவில் ஊர்ப் பிரதாபனுடன் கலியாணம். ஆவணியில் நாள். இன்னும் இருபது நாள்தான். பெண் ஒரே பிடியாக நின்றாள்.

"ஒரு கழுத்திலை ஒண்டுதான் கிடக்கலாம் அம்மா. கடன் இறங்கட்டும். பிறகு தாலி ஏறட்டும்."

"ஏனடி அவசரம்? வட்டியைக் கட்டிக்கொண்டிரு. கலியாணம் முடியப் பாப்பம்," என்றார் தாய் யோகம்மா, முருங்கை இலையை உருவிக்கொண்டு.

"முடியப் பாக்கேலாது. புருசன் வீட்டுக்குக் கடனோடை போக நான் ஆயத்தமில்லை."

சொன்னவள் சும்மா இருக்கவில்லை. மூன்றரை லட்சக் கலியாணச் சீட்டை ஐம்பதாயிரம் கழிவு விட்டு அவசரமாக எடுத்தாள். அந்த மூன்று லட்சம்தான் கைப்பையில். வாழைக்குப் பின்னால் நின்றவர் அதை வாங்கினால்தானே!

அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும்போதும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும், பின்னேரம் திரும்பும்போதும் போனாள். காலையில் அவர் குளிக்கிறார். மத்தியானம் படுத்துவிட்டார். பின்னேரம் வாசற் படலையிலேயே பிடித்துவிட்டாள்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை, பிள்ளை."

"வெள்ளியிலை காசு குடுக்கத்தான் கூடாது மாமா, வாங்கலாம். நான் குடுக்கிறன். பழி என்ரை தலையிலை."

"ராகுகாலம்."

"அது பத்தரையிலை வந்து பன்ரண்டுக்குப் போட்டுது. சரி, பாங்க் புத்தக நம்பரைத் தாங்கோ, போட்டுவிடுறன்."

"அந்தப் புத்தகத்தைக் கறையான் திண்டிட்டுது," என்று ஆழ்வாப்பிள்ளை சாரத்தைத் தூக்கிக்கொண்டு பின்வேலியால் போய்விட்டார்.

ஒரு நாளில் மூன்று தரம் வட்டிக்காரரின் படலையில் ஒருத்தி நின்றால் ஊர் என்ன நினைக்கும்? கலியாணத்துக்குக் காசில்லாமல் மேலும் கடன் கேட்கிறாள் என்று நினைத்தது. நினைத்ததோடு நின்றிருக்கலாம். கதை சனிக்கிழமை விடியவே சுருவிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பிரதாபனின் தாய் போன் எடுத்தார்.

"கடன்பட்டோ பிள்ளை கலியாணம் செய்யிறீர்?"

"இல்லை மாமி, கடனைக் கட்டத்தான் திரியிறன். சீட்டை எடுத்திட்டன்."

"அப்ப கலியாணத்துக்குக் காசு?"

அதைத் துஷாந்தி யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டு அன்றே மண்டபத்தை நிற்பாட்டினாள். சமையற்காரரையும் நிற்பாட்டினாள். கோயிலில் தாலி, வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் ஒரு வடையும் என்று முடிவுகட்டினாள். முன்வீட்டு நிமலினி ஓடிவந்து வாயில் கை வைத்தாள்.

"ஊர் என்னடி சொல்லும்?"

"ஊருக்குப் பசிச்சால் வீட்டிலை சமைக்கட்டும்."

ஊருக்கு ரோசம் வந்தது. சமையற்காரரை நிற்பாட்டிவிட்டார்களாம் என்று கிளம்பிய கதை, சங்கக்கடையைத் தாண்டும்போது கலியாணத்தையே நிற்பாட்டிவிட்டார்களாம் என்று ஆகியிருந்தது.

யோகம்மாவுக்கு மட்டும் பதற்றம் இல்லை. "மண்டபத்தைத் திருப்பி ஒழுங்கு பண்ணு. காசு வரும்," என்றார்.

"எங்கையிருந்து அம்மா வரும்? வானத்திலையிருந்தோ?"

"வரும் எண்டால் வரும்."

வயது போனால் இப்படித்தான் கதைப்பார்கள் என்று துஷாந்தி விட்டுவிட்டாள்.

ஞாயிறு காலை பிரதாபன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். தலைக்கவசத்தைக் கழற்றமுன்னமே கேட்டான்.

"எனக்குச் சொல்லாமல் என்ரை கலியாணத்தை நிப்பாட்டிட்டீராம்?"

"நிப்பாட்டேல்லை. மண்டபத்தைத்தான். உங்களுக்குக் கடன்காரியைக் கட்ட விருப்பமோ?"

"எனக்கு உம்மைக் கட்டத்தான் விருப்பம்."

"அப்ப கடன் போகட்டும். எனக்கும் மானம் இருக்கு."

அந்த நேரம் பார்த்து நிமலினி மதிலால் எட்டிப் பார்த்தாள். அவள் எப்போதும் அந்த நேரம் பார்த்துத்தான் எட்டிப் பார்ப்பாள்.

"துஷா, உன்ரை ஆழ்வாப்பிள்ளையர் மனிசியோடையும் பெரிய பையோடையும் பஸ் ஏறிட்டார். அனலைதீவிலை மகள் வீட்டை போறாராம். ஒரு மாசத்துக்கு."

துஷாந்தி பிரதாபனைப் பார்த்தாள். "சைக்கிளை எடுங்கோ."

தாலி ஏற முன்னம் பின்னால் ஏறிவிட்டாள் என்று ஒழுங்கையில் மூன்று வீட்டார் பார்த்துச் சொன்னார்கள். மற்ற வீட்டார் பார்க்காமலே சொன்னார்கள்.

ஊர்காவற்றுறைத் துறையில் படகு கயிறு அவிழ்த்துவிட்டது. துஷாந்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாய்ந்தாள். பிரதாபனும் பாய்ந்தான். கோதுமை மா மூட்டைகளுக்கும் கோழிக்கூடைக்கும் நடுவில் ஆழ்வாப்பிள்ளை இருந்தார். பக்கத்தில் அன்னப்பிள்ளை, கடல் ஒத்துக்கொள்ளாததால் முகத்தைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு.

படகில் வாழையும் இல்லை, பின்வேலியும் இல்லை.

"மூண்டு லட்சம். எண்ணிப் பாருங்கோ மாமா," என்று துஷாந்தி பையைத் திறந்தாள்.

ஆழ்வாப்பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "கடலிலை வைச்சுக் காசு வாங்கினால் தரித்திரம்."

"இரண்டு வருசம் வட்டி வாங்கேக்கை இல்லாத தரித்திரமோ? வட்டி வருமானம் நிண்டுபோகும் எண்டுதானே இந்த ஓட்டம்? என்ரை சம்பளத்திலை ஆயுசு முழுக்க ஒன்பதாயிரம் தின்னலாம் எண்டு பாத்தனீங்களோ? இண்டைக்கு வாங்கேல்லை எண்டால் நான் இந்தப் படகை விட்டு இறங்கேன். உங்களையும் இறங்க விடன்."

படகு முழுக்கக் கழுத்தை நீட்டிக் கேட்டது. ஓட்டியும் இயந்திரச் சத்தத்தைக் குறைத்தான்.

"நான் ஒரு சதமும் தின்னேல்லைப் பிள்ளை," ஆழ்வாப்பிள்ளைக்கு வேர்த்து வடிந்தது. "வாங்கேலாது. கலியாணத்துக்கு முதல்நாள் வரைக்கும் நான் முதலைத் தொட்டால் அவ என்னை உயிரோடை விடமாட்டா."

துஷாந்தி அன்னப்பிள்ளையை முறைத்தாள். "ஏன் மாமி, நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

அன்னப்பிள்ளை முகத்துச் சேலைத்தலைப்பை மெல்ல விலக்கி, ஓங்கரிப்பை ஒருமுறை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"நானில்லையடி பிள்ளை, அந்த மூண்டு லட்சமும் உன்ரை கலியாணத்துக்கெண்டு கொம்மா யோகம்மா சேர்த்த காசு, சும்மா தந்தாலோ, முந்தியே திரும்பி வந்தாலோ தம்பியோடை போயிடும், கடனெண்டால் நீ வட்டியோடை சேர்த்து அவவுக்கே தருவாய் எண்டு அவதான் இவரின்ரை கையாலை தரச் சொன்னவ."