சம்பந்தியம்மா கேட்ட ‘நெஃப்’

அன்புக்கும், அதைவிட ஒரு பிடி அதிகமாகக் கோபத்துக்கும் உரிய மச்சானுக்கு,

உன் அக்கா நலம். மரத்தூள் இருமலையும் முதுகுவலியையும் கழித்தால் நானும் நலமே. கல்லூரியில் நீயும் உன் மாணவர்களும் சுகமாக இருக்க வேண்டும். உன் பேச்சைக் கேட்ட நான் மட்டும் எப்படி அவமானப்பட்டேன் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

சம்பந்தியம்மாவுக்குப் பிரெஞ்சு தவிர வேறு பாஷை தெரியாது. அவரோடு நாலு வார்த்தை பேச ஆசைப்பட்டபோது, “பிரெஞ்சுக்குத் தாய் லத்தீன். தாயைப் பிடிங்க அத்தான், பொண்ணுங்க எல்லாம் தானா பின்னால வரும்” என்றவன் நீதான். பிடித்தேன். ஒன்பதுக்குத் தாய் நோவெம். இத்தாலியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் நோவே, ஸ்பானியத்தில் நுவேவே, பிரெஞ்சில் நெஃப் என்று பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி, இழைப்புளியைத் தள்ளிக்கொண்டே மனப்பாடம் செய்தேன். போன மாதம் சம்பந்தியம்மா வீட்டில் இருந்த ஒரே நாற்காலியும் கால் உடைந்துவிட்டதாக மருமகள் சொன்னாள். ஒரு தச்சன் சம்பந்தியாக இருந்து என்ன பயன் என்று உடனே போனைப் போட்டு, எனக்குத் தெரிந்த பிரெஞ்சை எல்லாம் திரட்டி, நாற்காலி என்ற பொருளில் “ஷேஸ்?” என்றேன்.  சம்பந்தியம்மா தயங்கித் தயங்கி, “நெஃப்” என்றார். நான் சுவரைக்கூடப் பார்க்கவில்லை.

“தனியா இருக்கிற பொம்பளைக்கு ஒம்பது நாற்காலி எதுக்குங்க?” என்றாள் உன் அக்கா. “கேட்டவங்களுக்குத் தெரியாதா?” என்று அவள் வாயை அடைத்துவிட்டு, மூன்று வாரம் முப்பத்தாறு கால்களை இழைத்தேன். வண்டியில் ஏற்றிப் போய், மூன்றாம் மாடிக்கு மகனும் நானும் சுமந்தோம். இரண்டாவது நாற்காலியை நான் தூக்கியதும் அவன், “மத்ததெல்லாம் வேற ஆர்டர் இல்லையா?” என்றான். விஷயத்தைச் சொன்னேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டான். “ஐயோ அப்பா! நெஃப்னா புதுசுன்னும் அர்த்தம். புது நாற்காலி ஒண்ணு கேட்டிருக்காங்க!” நவமணியில் ஒன்பது, நவநாகரிகத்தில் புதுசு என்று நம் பேச்சிலேயே இந்த வில்லங்கம் இருக்கிறதே, தாயைக் காட்டிய நீ இதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

திருப்பிக்கொண்டு போக மனசில்லாமல் கதவைத் தட்டினேன். சம்பந்தியம்மா ஒவ்வொன்றாக எண்ணினார். வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. எனக்கோ உயிரே போய்விட்டது. அவர் விறுவிறுவென்று படியிறங்கி எட்டு வீட்டுக் கதவையும் தட்டினார். பஸ் டிரைவர், தையல்காரி, பல் டாக்டர் என்று எல்லாரும் வந்து உட்கார, நானும் மகனும் நின்றபடி காபி குடித்தோம். என் மடத்தனத்தை மறைக்க ஒரு கட்டடத்தையே கூட்டிய அந்தப் பெருந்தன்மையை என்னவென்று சொல்ல! நல்ல பிரெஞ்சில் மன்னிப்புக் கடிதம் ஒன்று நீயே எழுதி அனுப்பு. இனி லத்தீன் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

குழந்தைகளுக்கு என் முத்தம். நீ நீடூழி வாழ்க. ஆனால் யோசனை சொல்லாமல் வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மருமகள் வந்தாள். அம்மாவிடமே கேட்டாளாம். “ஒம்பதுன்னுதான் சொன்னேன். அக்கம்பக்கத்துல எல்லாரும் வாசல்ல நின்னே பேசிட்டுப் போயிடறாங்க, உக்காருங்கன்னு சொல்ல வழியில்ல. கூச்சமாத்தான் இருந்துச்சு, ஆனா சம்பந்தி கேட்டதும் மனசுல இருந்தது வந்துடுச்சு. பாஷை தெரியாத மனுஷன், எப்படிப் புரிஞ்சுகிட்டார் பாரு!” என்றாராம். மன்னிப்புக் கடிதம் வேண்டாம். என் மகனுக்கு மட்டும் கொஞ்சம் லத்தீன் சொல்லிக்கொடு.